உள்ளடக்க விநியோக வலையமைப்பு வழியாகப் படங்களை வழங்கல்

உள்ளடக்க விநியோக வலையமைப்பு என்பது, ஓர் இணையத்தளத்தின் கோப்புகளைப் படியெடுத்து, உலகின் பல இடங்களில் உள்ள வழங்கிகளில் வைத்திருந்து, ஒரு பயனர் கேட்கும்போது அவருக்கு அருகிலுள்ள வழங்கியிலிருந்து அனுப்பும் கணினி வலையமைப்பு ஆகும். இது சுருக்கமாக சிடிஎன் என அழைக்கப்படுகின்றது. இணையத்தளத்தின் உரிமையாளர் தமது கோப்புகளை வைத்திருக்கும் கணினி மூல வழங்கி எனவும், பயனருக்கு அருகில் படிகளை வைத்திருக்கும் கணினி விளிம்பு வழங்கி எனவும் குறிப்பிடப்படும்.

இவ்வலையமைப்புகள் இன்று நிகழ்படங்கள், மென்பொருள் இற்றைப்பாடுகள், முழு இணையப்பக்கங்கள் எனப் பலவற்றையும் வழங்குகின்றன. ஆயினும், அவற்றின் தொடக்ககாலப் பணிகளுள் முதன்மையானது இணையப்பக்கங்களில் இடம்பெறும் படங்களை வழங்குவதே ஆகும். இக்கட்டுரை அப்பயன்பாட்டை விளக்குகின்றது. ஒரு படத்தின் படியைத் தொலைவில் வைப்பது எளிது. அந்தப் படி எவ்வளவு காலம் அங்கே இருக்கலாம், அதை எவ்வாறு நீக்குவது, அது யாருடைய கட்டுப்பாட்டில் உள்ளது என்பவற்றை முடிவு செய்வதே இத்தொழில்நுட்பத்தின் கடினமான பகுதியாகும்.

படங்களின் சிறப்பியல்பு

ஓர் இணையப்பக்கத்தின் உரைப்பகுதி பயனருக்குப் பயனர் மாறக்கூடும். புகுபதிகை செய்தவரின் பெயர், அவரது கொள்முதல் பட்டியல் போன்றவை ஒவ்வொரு முறையும் மூல வழங்கியில் புதிதாக உருவாக்கப்படுகின்றன. படங்கள் அவ்வாறானவை அல்ல. அவற்றுக்குப் பின்வரும் மூன்று இயல்புகள் உண்டு.

* ஒரே படம் பெரும்பாலும் எல்லாப் பயனர்களுக்கும் மாற்றமின்றி அனுப்பப்படுகின்றது.
* ஒருமுறை வெளியிடப்பட்ட படம் அரிதாகவே மாற்றப்படுகின்றது.
* உரையை விடப் படம் பொதுவாக அளவில் பெரியது. எனவே அதை அனுப்பும் செலவும், அது வந்து சேரும் நேரமும் கூடுதலாகும்.

இம்மூன்று இயல்புகளும் ஒன்றாக அமைவதால், படங்கள் படியெடுத்து வைத்தலுக்கு மிகவும் ஏற்றவையாக உள்ளன.

தொலைவும் தாமதமும்

இணைய இணைப்பின் வேகத்தைக் கூட்டினால் தொலைவால் ஏற்படும் தாமதமும் நீங்கிவிடும் என்று பலர் கருதுவதுண்டு. இது சரியன்று. ஒளியிழையினுள் ஒளி ஒரு நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. தொலைவு மட்டுமே செல்லும். எவ்வளவு பணம் செலவிட்டாலும் இவ்வெல்லையைத் தாண்ட இயலாது.

எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஆஷ்பர்ன் நகரில் ஏராளமான தரவு மையங்கள் அமைந்துள்ளன. அங்கிருந்து சென்னைக்கு உள்ள நேர்த்தொலைவு ஏறத்தாழ 13,800 கி.மீ. ஆகும். ஒரு செய்தி சென்று மறுமொழி திரும்பி வரும் சுற்றுக்கு 27,600 கி.மீ. கடக்க வேண்டும். இதற்குக் குறைந்தது 138 மில்லிநொடிகள் தேவை. கடலடி வடங்கள் நேர்க்கோட்டில் செல்வதில்லை ஆதலால் உண்மையான நேரம் இதனினும் கூடுதலாகவே இருக்கும்.

ஒரு படத்தைப் பெற ஒரு சுற்று போதாது. டிசிபி நெறிமுறைப்படி இணைப்பை ஏற்படுத்த ஒரு சுற்றும், மறைகுறியாக்கத்திற்கான டிஎல்எஸ் 1.3 நெறிமுறைக்கு மற்றொரு சுற்றும் தேவைப்படும். அதன் பின்னரே படம் கேட்கப்படுகின்றது. அப்போதும் வழங்கி முழுப் படத்தையும் ஒரேயடியாக அனுப்பாது. வலையமைப்பின் கொள்திறன் அதற்குத் தெரியாது ஆகையால், வழக்கமாக முதலில் 10 பொதிகளை அனுப்பிவிட்டு, அவை சேர்ந்ததற்கான ஒப்புதல் வந்த பின் 20, பின்னர் 40 என இரட்டித்துக்கொண்டே செல்லும். இது மெதுவான தொடக்கம் எனப்படுகின்றது. 300 கிலோபைட்டு அளவுள்ள ஒரு படம் ஏறத்தாழ 205 பொதிகளாகப் பிரியும். 10, 20, 40, 80 என நான்கு சுற்றுகளில் 150 பொதிகளே சென்றிருக்கும். எஞ்சியவை ஐந்தாம் சுற்றில் செல்லும். ஆகவே மொத்தம் ஏழு சுற்றுகள் தேவைப்படுகின்றன.

மேற்கண்ட தொலைவில் ஏழு சுற்றுகளுக்கு 966 மில்லிநொடிகள், அதாவது ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். அதே படம், ஒரு சுற்றுக்கு 10 மில்லிநொடிகள் மட்டுமே ஆகும் தொலைவில் உள்ள விளிம்பு வழங்கியிலிருந்து வந்தால் 70 மில்லிநொடிகளில் வந்துவிடும். இரு நேர்வுகளிலும் பயனரின் இணைப்பு வேகம் ஒன்றே. சுற்றுகளின் எண்ணிக்கையும் ஒன்றே. குறைந்தது தொலைவு மட்டுமே. சென்னை கடலடி வடங்கள் பல கரையேறும் இடமாகும். அமேசான் நிறுவனத்தின் கிளவுட்ஃபிரண்ட் வலையமைப்பு 2013 ஆம் ஆண்டில் சென்னையிலும் மும்பையிலும் விளிம்பு வழங்கிகளை அமைத்தது.

வரலாறு

வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1995 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தம்முடன் பணியாற்றியோரிடம் ஒரு சிக்கலை முன்வைத்தார். ஒரே நேரத்தில் பெருந்திரளானோர் ஒரு தளத்தை நாடும்போது அத்தளம் நெரிசலால் முடங்காமல் இருக்க வழி காண வேண்டும் என்பதே அது. அக்கழகத்தின் பயன்முறைக் கணிதப் பேராசிரியர் டாம் லெய்ட்டன், மாணவர் டேனியல் லெவின் ஆகியோர் இதில் ஈடுபட்டனர். 1997 இல் டேவிட் கார்கர் உள்ளிட்ட இக்குழுவினர், சீரான ஹாஷிங் எனப்படும் முறையை விளக்கும் ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டனர்.

லெய்ட்டனும் லெவினும் பிறரும் சேர்ந்து 1998 இல் அக்கமாய் நிறுவனத்தைத் தொடங்கினர். அக்கமாய் என்பது அறிவுக்கூர்மையைக் குறிக்கும் ஹவாய் மொழிச் சொல்லாகும். 1999 இல் வணிக நோக்கில் தொடங்கிய அதன் முதற்சேவையில், இணையப்பக்கத்தின் உரை வழக்கம் போல உரிமையாளரின் வழங்கியிலிருந்தே சென்றது. பக்கத்தினுள் பொதிந்திருந்த படங்களின் முகவரிகள் மட்டும் அக்கமாய் வழங்கிகளைச் சுட்டுமாறு மாற்றி எழுதப்பட்டன. இம்முறைக்கான காப்புரிமம் லெய்ட்டன், லெவின் ஆகியோர் பெயரில் 2000 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் வழங்கப்பட்டது. லெவின் 2001 செப்டெம்பர் 11 அன்று நியூயார்க் உலக வணிக மையத்தின் மீது மோதப்பட்ட முதல் வானூர்தியில் பயணம் செய்து உயிரிழந்தார்.

இக்காப்புரிமத்தின் பேரில் அக்கமாய், தனது போட்டியாளரான லைம்லைட் நிறுவனத்தின் மீது 2006 இல் வழக்குத் தொடுத்தது. காப்புரிமம் கூறும் செயல்களுள் ஒன்று, எந்தப் படங்களை வலையமைப்பு வழங்க வேண்டும் என்று குறியிடுதல் ஆகும். லைம்லைட்டின் சேவையில் அக்குறியீட்டை வாடிக்கையாளர்களே செய்தனர். ஆகவே மீறியவர் யார் என்ற வினா எழுந்தது. 2014 இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் லைம்லைட்டுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்துக் கீழமை நீதிமன்றத்திற்கு வழக்கைத் திருப்பியனுப்பியது. 2015 இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு, மீறலுக்கு லைம்லைட்டே பொறுப்பு என முடிவு செய்தது.

பின்னர் அமேசான் கிளவுட்ஃபிரண்ட் 2008 இலும், கிளவுட்ஃபிளேர் 2010 இலும் சேவையைத் தொடங்கின. ஃபாஸ்ட்லி 2011 இல் நிறுவப்பட்டது. பெருநிறுவனங்கள் மட்டுமே பயன்படுத்தி வந்த இவ்வசதி இவற்றால் சிறு தளங்களுக்கும் எட்டியது.

செயற்படும் முறை

அருகிலுள்ள வழங்கியைக் கண்டறிதல்

ஓர் இணையத்தளத்தின் படங்களுக்கெனத் தனி ஆள்களப் பெயர் ஒதுக்குவது வழக்கம். உலாவி அப்பெயருக்குரிய ஐபி முகவரியை ஆள்களப் பெயர் முறைமையிடம் கேட்கும். அதற்கான விடை இரு வழிகளில் அமையலாம்.

* கேள்வி எந்த வட்டாரத்திலிருந்து வருகின்றது என்பதைப் பார்த்து, அதற்கேற்ப வெவ்வேறு வழங்கிகளின் முகவரிகளைத் தருவது ஒரு முறை.
* எனிகாஸ்ட் எனப்படும் மற்றொரு முறையில், உலகெங்கும் உள்ள வழங்கிகள் ஒரே ஐபி முகவரியை அறிவிக்கின்றன. இணையத்தின் திசைவிகள் தமக்கு ஏற்ற வழியில் பொதிகளை ஏதேனும் ஒரு வழங்கிக்குச் செலுத்துகின்றன.

இவ்விரு முறைகளிலும் அருகில் என்பது நிலப்படத்தில் காணும் அருகாமையன்று. இணையச் சேவை வழங்குநர்கள் எங்கெங்கே ஒன்றோடொன்று இணைகின்றனர் என்பதைப் பொறுத்தே அது அமையும். அண்டை நகரில் விளிம்பு வழங்கி இருந்தும், வழங்குநர்களிடையே நேரடி இணைப்பு இல்லாததால் பொதிகள் வேறு நாட்டிற்குச் சென்று திரும்புவதும் உண்டு.

தேக்ககம்

விளிம்பு வழங்கி தன்னிடம் உள்ள படிகளை, கேச் எனப்படும் தேக்ககத்தில் வைத்துள்ளது. கேட்கப்பட்ட படம் அங்கே இருந்தால் உடனே அனுப்பும். இது ஹிட் எனப்படும். இல்லையெனில் மூல வழங்கியிடம் பெற்று, பயனருக்கு அனுப்பிவிட்டு, ஒரு படியைத் தன்னிடமும் வைத்துக்கொள்ளும். இது மிஸ் எனப்படும். ஆகவே ஒரு வட்டாரத்தில் ஒரு படத்தை முதலில் கேட்பவருக்குத் தொலைவின் தாமதம் முழுமையாக நீங்குவதில்லை. அடுத்து வருபவர்களே முழுப்பயனையும் பெறுகின்றனர்.

தேக்ககத்தின் கொள்ளளவு எல்லையுடையது. இடம் நிறையும்போது, நெடுநேரம் கேட்கப்படாத படங்களையோ முதலில் வந்தவற்றையோ நீக்கிப் புதியவற்றுக்கு இடமளிக்கப்படும்.

எந்த வழங்கியில் எந்தப் படம்

ஒரு நகரில் நான்கு விளிம்பு வழங்கிகள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றும் எல்லாப் படங்களையும் வைத்திருந்தால் இடம் வீணாகும். எனவே படத்தின் முகவரியை ஹாஷ் சார்பினால் ஓர் எண்ணாக மாற்றி, அதை 4 ஆல் வகுத்து, வரும் மீதியைக் கொண்டு வழங்கியைத் தேர்வு செய்யலாம். ஆனால் ஐந்தாவது வழங்கி ஒன்றைச் சேர்த்தால், இப்போது 5 ஆல் வகுக்க வேண்டியிருக்கும். அப்போது 80 விழுக்காட்டுப் படங்களின் இடம் மாறிவிடும். அவற்றுக்கான வேண்டுகோள்கள் யாவும் ஒரே நேரத்தில் மூல வழங்கியைத் தாக்கும்.

சீரான ஹாஷிங் முறை இதைத் தவிர்க்கின்றது. இதில் வழங்கிகளும் படங்களும் ஒரு கற்பனை வட்டத்தின் மீது புள்ளிகளாக அமைக்கப்படுகின்றன. ஒவ்வொரு படமும் வட்டத்தில் தனக்கு அடுத்து வரும் வழங்கியைச் சேரும். புதிய வழங்கி சேரும்போது அதற்கு முன்னுள்ள பகுதி மட்டுமே கைமாறும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் இடம் மாறுவன சராசரியாக 20 விழுக்காடு மட்டுமே.

பயன் எவ்வளவு: முகநூல் ஆய்வு

விளிம்பு வழங்கிகளின் பயன் முழுவதும், கேட்கப்படும் படம் அங்கே இருக்கும் வாய்ப்பைப் பொறுத்தது. இதனை அளந்து வெளியிட்ட ஆய்வுகளுள் முகநூல் நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்டோரும் இணைந்து 2013 இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. 7 கோடியே 70 இலட்சத்திற்கும் மேற்பட்ட வேண்டுகோள்களை ஆராய்ந்ததில், 100 படங்கள் பார்க்கப்படும்போது அவை எங்கிருந்து கிடைத்தன என்பது கீழ்வருமாறு தெரியவந்தது.

* பயனரின் உலாவியிலேயே உள்ள தேக்ககம்: 65.5
* விளிம்புத் தேக்ககம்: 20.0
* தரவு மையத்தில் உள்ள மூலத் தேக்ககம்: 4.6
* படங்களைச் சேமித்து வைத்துள்ள பின்தளம்: 9.9

இவ்வெண்கள் இரு செய்திகளைக் கூறுகின்றன. முதலாவது, மிகப்பெரும் பங்கை ஆற்றியது எந்த வலையமைப்பும் அன்று; பயனரின் சொந்தக் கணினியே. உலாவி தன்னிடம் உள்ள படியை நம்பிப் பயன்படுத்துமாறு மூல வழங்கியில் சரியாக அமைத்தாலே பெரும்பயன் கிட்டிவிடும். இரண்டாவது, விளிம்பு வழங்கிகளை எட்டிய 34.5 வேண்டுகோள்களுள் 20 மட்டுமே அங்கே நிறைவேறின. இது ஏறத்தாழ 58 விழுக்காடு ஆகும். அடிக்கடி பார்க்கப்படும் படங்கள் உலாவியிலேயே கிடைத்துவிடுவதால், விளிம்பை எட்டுவனவற்றுள் அரிதாகப் பார்க்கப்படுபவை மிகுதியாக உள்ளன.

முகநூல் 2010 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வுக்கட்டுரையும் இதையே சுட்டுகின்றது. அப்போது அத்தளத்தில் 26,000 கோடிப் படங்கள், 20 பெட்டாபைட்டுக்கும் கூடுதலான இடத்தை நிரப்பியிருந்தன. அண்மையில் பதிவேற்றிய படங்களையும் முகப்புப் படங்களையும் விநியோக வலையமைப்பு சிறப்பாக வழங்கியது. பழைய படங்களுக்கான வேண்டுகோள்களோ பெரும்பாலும் பின்தளத்தையே வந்தடைந்தன. எனவே அந்நிறுவனம் ஹேஸ்டேக் என்னும் தனிச் சேமிப்பகத்தை உருவாக்கியது. ஒரு தளத்தின் படங்கள் திரும்பத் திரும்பக் கேட்கப்படாதவை எனில், விளிம்பு வழங்கிகளால் அத்தளத்திற்குக் கிடைக்கும் பயன் குறைவே.

படியின் ஆயுள்

ஒரு படி எவ்வளவு காலம் செல்லுபடியாகும் என்பதை மூல வழங்கியே தனது மறுமொழியின் தலைப்பில் கூறுகின்றது. எச்டிடிபி நெறிமுறையில் இதற்குக் கேச்-கன்ட்ரோல் என்ற தலைப்பு உள்ளது. அதில் மேக்ஸ்-ஏஜ் என்னும் குறிப்புடன் நொடிகளின் எண்ணிக்கை தரப்படும். 31536000 எனக் குறிப்பிட்டால் அது 365 நாள்களாகும். எஸ்-மேக்ஸ்ஏஜ் என்னும் குறிப்பு விளிம்பு வழங்கி போன்ற பொதுத் தேக்ககங்களுக்கு மட்டும் உரியது. ஆயுள் முடிந்த படியை உடனே எறிந்துவிட வேண்டியதில்லை. அது மாறியுள்ளதா என மூல வழங்கியிடம் கேட்கலாம். மாறவில்லை எனில் 304 என்னும் குறியீட்டெண்ணுடன் சிறு மறுமொழி மட்டும் வரும். படம் மீண்டும் அனுப்பப்படாது.

ஆயுளைத் தீர்மானிப்பதில் ஒரு முரண்பாடு உள்ளது. ஆயுள் நீண்டால் வேகமும் சிக்கனமும் கூடும். ஆனால் படத்தை மாற்றினாலும் பயனர் பழையதையே காண்பார். ஆயுள் குறைந்தால் புதுமை கூடும். ஆனால் மூல வழங்கியின் சுமை கூடும். விளிம்பு வழங்கிகளில் உள்ள படியை நீக்குமாறு கட்டளையிட வலையமைப்புகள் வசதி தருகின்றன. எனினும், பயனரின் உலாவிக்குள் சென்றுவிட்ட படியை அக்கட்டளை எட்டாது.

இதற்குப் பரவலாகப் பின்பற்றப்படும் தீர்வு, படத்தை மாற்றாமல் அதன் பெயரை மாற்றுவதாகும். படத்தின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்பட்ட ஒரு குறியீடு அதன் கோப்புப்பெயரிலேயே சேர்க்கப்படுகின்றது. படம் மாறினால் பெயரும் மாறும். பக்கத்தின் உரை புதிய பெயரைச் சுட்டும். பழைய பெயருக்குரிய படி எங்கே எத்தனை காலம் இருந்தாலும் தவறான படம் காட்டப்படாது. எனவே ஓராண்டு ஆயுளை அச்சமின்றி வழங்கலாம். இவ்வாறான கோப்புகளை மீண்டும் சரிபார்க்க வேண்டாம் என உலாவிக்குக் கூறும் இம்யூட்டபிள் என்னும் குறிப்பு 2017 இல் தரப்படுத்தப்பட்டது.

பட அளவுகளும் வடிவங்களும்

கைப்பேசித் திரைக்கும் மேசைக்கணினித் திரைக்கும் வெவ்வேறு அளவிலான படங்கள் தேவை. ஜேபெக் வடிவத்தை அறிந்த எல்லா உலாவிகளும், 2010 இல் அறிமுகமான வெப்பி வடிவத்தையோ 2019 இல் வெளிவந்த ஏவிஃப் வடிவத்தையோ அறிந்திருக்க வேண்டுமென்பதில்லை. எனவே பல வலையமைப்புகள் ஒரு மூலப்படத்தை விளிம்பிலேயே அளவு மாற்றியும் வடிவம் மாற்றியும் அனுப்புகின்றன.

இவ்வசதியில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஐந்து அளவுகளும் மூன்று வடிவங்களும் எனில், ஒரே படம் 15 தனித்தனிப் படிகளாகின்றது. முன்னர் ஒரு படியை நாடிய வேண்டுகோள்கள் இப்போது 15 படிகளிடையே பிரிகின்றன. அதனால் ஒவ்வொன்றும் தேக்ககத்தில் இருக்கும் வாய்ப்புக் குறைகின்றது. பயனரின் திரை அகலத்தை அப்படியே அளவாகக் கேட்கும் தளங்களில் இந்த எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் பெருகும். ஆகவே அனுமதிக்கப்படும் அளவுகளைச் சிலவாக வரையறுத்து, கேட்கப்பட்ட அளவுக்கு அடுத்த பெரிய அளவை அனுப்புவது நல்ல நடைமுறையாகும்.

உரலியில் சேரும் தேவையற்ற பகுதிகளும் இதே தீங்கைச் செய்கின்றன. விளம்பரக் கண்காணிப்புக்கெனக் கேள்விக்குறிக்குப் பின் சேர்க்கப்படும் எழுத்துகள் வேறுபட்டால், விளிம்பு வழங்கி ஒரே படத்தை வெவ்வேறு படங்களாகக் கருதக்கூடும். இவற்றைப் புறக்கணிக்குமாறு வலையமைப்பை அமைக்க வேண்டும்.

நீக்கப்பட்ட படங்கள்

ஒருவர் தமது படத்தை ஒரு தளத்திலிருந்து நீக்கும்போது, அது எல்லா இடங்களிலும் நீங்கிவிட்டது என்றே எண்ணுவார். படிகளை அடிப்படையாகக் கொண்ட வலையமைப்பில் இது தானாக நிகழ்வதில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009 இல் 16 தளங்களில் படங்களைப் பதிவேற்றி, அவற்றின் நேரடி முகவரிகளைக் குறித்துக்கொண்டு, பின்னர் அப்படங்களை நீக்கினர். 30 நாள்கள் கழிந்த பின்னரும் 7 தளங்களின் படங்கள் நேரடி முகவரியில் கிடைத்தன. தளத்தின் பக்கத்தில் படத்திற்கான இணைப்பு மறைந்திருந்தது, படமோ மறையவில்லை.

வேகத்திற்காக நீண்ட ஆயுள் தரப்பட்ட படி, நீக்க விரும்பியவருக்கு எதிராகத் திரும்புவதை இது காட்டுகின்றது. பயனர்களின் தனிப்பட்ட படங்களைக் கையாளும் தளங்கள் நீக்கக் கட்டளையை மூல வழங்கிக்கும் விளிம்பு வழங்கிகளுக்கும் சேர்த்தே அனுப்ப வேண்டும். மேலும், குறிப்பிட்ட நேரத்திற்குப் பின் செல்லாததாகிவிடும் கையொப்பமிட்ட உரலிகளைப் பயன்படுத்தலாம். முகவரியை எவராலும் ஊகிக்க இயலாது என்பதை மட்டும் நம்பித் தனிப்பட்ட படங்களைப் பொதுத் தேக்ககத்தில் வைப்பது போதிய பாதுகாப்பாகாது. முகவரி ஒருமுறை பகிரப்பட்டால் அதைத் திரும்பப் பெற வழியில்லை.

சார்பும் செயலிழப்பும்

விநியோக வலையமைப்பு மூல வழங்கியின் சுமையைக் குறைப்பதோடு, வேண்டுமென்றே ஏவப்படும் சேவை மறுப்புத் தாக்குதல்களையும் பெருமளவு தாங்கிக்கொள்கின்றது. இதன் மறுபக்கம், பல்லாயிரம் தளங்கள் சில நிறுவனங்களையே சார்ந்திருக்கும் நிலை ஆகும்.

2021 சூன் 8 அன்று ஃபாஸ்ட்லி வலையமைப்பின் 85 விழுக்காடு பகுதி பிழைச்செய்திகளை அனுப்பியது. மே மாதம் நிறுவப்பட்ட மென்பொருளில் இருந்த ஒரு வழு, ஒரு வாடிக்கையாளர் செய்த முறையான அமைப்பு மாற்றத்தால் தூண்டப்பட்டதே இதற்குக் காரணம். நியூயார்க் டைம்ஸ், கார்டியன் ஆகிய செய்தித் தளங்களும், பிரித்தானிய அரசின் இணையத்தளமும் பாதிக்கப்பட்டன. 49 நிமிடங்களுக்குள் வலையமைப்பின் 95 விழுக்காடு இயல்புநிலைக்குத் திரும்பியது. 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேர் வலையமைப்பில், தானியங்கி நிரல்களை இனங்காணப் பயன்படும் ஒரு கோப்பு எதிர்பார்த்ததை விடப் பெரிதானதால் உலகெங்கும் பல தளங்கள் முடங்கின. இரு நிகழ்வுகளிலும் பாதிக்கப்பட்ட தளங்களின் மூல வழங்கிகளில் எக்குறையும் இருக்கவில்லை.

வலையமைப்பை நடத்தும் நிறுவனமே மறைந்துபோவதும் உண்டு. மேலே கூறப்பட்ட லைம்லைட் நிறுவனம் 2022 இல் எட்ஜியோ எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2024 செப்டெம்பரில் திவால் பாதுகாப்புக் கோரியது. அதன் வாடிக்கையாளர் ஒப்பந்தங்களுள் ஒரு பகுதியைப் பழைய எதிராளியான அக்கமாய் வாங்கியது. 2025 சனவரியில் எட்ஜியோவின் விநியோக வலையமைப்பு நிறுத்தப்பட்டது.

இத்தகைய நிலையில் தளத்தின் உரிமையாளரைக் காப்பது படங்களின் முகவரியே. படங்களின் உரலிகளில் நிறுவனத்தின் ஆள்களப் பெயர் எழுதப்பட்டிருந்தால், வேறு வலையமைப்புக்கு மாறும்போது எல்லாப் பக்கங்களையும் திருத்த வேண்டும். பிறர் தமது தளங்களில் கொடுத்துள்ள இணைப்புகள் நிலையாக முறிந்துவிடும். மாறாக, உரிமையாளர் தமது சொந்த ஆள்களப் பெயரின் கீழ் ஒரு துணைப்பெயரை அமைத்து, அதை ஆள்களப் பெயர் முறைமையில் சிநேம் பதிவின் மூலம் வலையமைப்புக்குச் சுட்டினால், அப்பதிவு ஒன்றை மாற்றினாலே போதும். மூலப்படங்களைத் தம் கட்டுப்பாட்டில் உள்ள சேமிப்பகத்திலேயே வைத்திருப்பதும் இன்றியமையாதது. விளிம்பு வழங்கிகளில் உள்ளவை படிகள் மட்டுமே. அவை காப்புப்படிகள் அல்ல.

சொந்த வலையமைப்புகள்

எல்லாத் தளங்களும் வணிக நிறுவனங்களையே நாடுவதில்லை. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம், திறந்த மூல மென்பொருள்களைக் கொண்டு தனது சொந்த விநியோக வலையமைப்பை நடத்துகின்றது. படங்களுக்கெனத் தனி ஆள்களப் பெயர் உள்ளது. ஆஷ்பர்னிலும் டெக்சாசு மாநிலத்திலும் முதன்மைத் தரவு மையங்களும், ஆம்ஸ்டர்டாம், சான் பிரான்சிஸ்கோ, சிங்கப்பூர், மார்சேய், சாவோ பாவுலோ ஆகிய இடங்களில் தேக்கக மையங்களும் உள்ளன. தொடக்கத்தில் ஸ்குவிட் என்ற மென்பொருளும், பின்னர் வார்னிஷ், அப்பாச்சி டிராஃபிக் சர்வர் ஆகியவையும் தேக்ககங்களாகப் பயன்படுத்தப்பட்டன. இம்முறையில் படிகள் யாருடைய கட்டுப்பாட்டில் உள்ளன என்ற வினாவுக்கு இடமில்லை. ஆனால் வழங்கிகளையும் அவற்றைப் பேணும் பொறியாளர்களையும் நிறுவனமே தாங்க வேண்டும்.

பயன்படுத்தத் தேவையற்ற நேர்வுகள்

பின்வரும் நிலைகளில் விநியோக வலையமைப்பால் பெரும்பயன் இல்லை.

* பயனர்கள் அனைவரும் மூல வழங்கி உள்ள நகரிலோ அதற்கு அருகிலோ இருப்பின், குறைப்பதற்குத் தொலைவே இல்லை.
* ஒவ்வொரு படமும் ஓரிரு முறை மட்டுமே பார்க்கப்படுமாயின், பெரும்பாலான வேண்டுகோள்கள் மூல வழங்கியையே சென்றடையும்.
* படங்கள் தேவைக்கு மீறிய அளவில் இருப்பின், முதலில் அவற்றைச் சுருக்க வேண்டும். 300 அலகு அகலத்தில் காட்டப்படும் இடத்திற்கு 4,000 அலகு அகலமுள்ள படத்தை அனுப்பும் தளத்தில், அளவைக் குறைப்பதே முதன்மையான சீர்திருத்தம் ஆகும்.

முன்னர் ஒரு தளத்தின் படங்களைப் பல ஆள்களப் பெயர்களில் பிரித்து வைக்கும் வழக்கமும் இருந்தது. எச்டிடிபி 1.1 நெறிமுறையைப் பயன்படுத்திய உலாவிகள், ஓர் ஆள்களப் பெயருக்கு ஆறு இணைப்புகள் என்ற அளவிலேயே ஏற்படுத்தியமை இதற்குக் காரணம். 2015 இல் தரப்படுத்தப்பட்ட எச்டிடிபி 2 நெறிமுறை, ஒரே இணைப்பில் பல கோப்புகளை இணையாக அனுப்ப வழி செய்ததால் இவ்வழக்கம் தேவையற்றதாயிற்று.

இவற்றையும் பார்க்க

* ஆள்களப் பெயர் முறைமை
* மிகையுரைப் பரிமாற்ற நெறிமுறை
* உலாவித் தேக்ககம்
* சேவை மறுப்புத் தாக்குதல்
* கடலடித் தொலைத்தொடர்பு வடம்